மாதா வீடு மாறுகிற மாதம்

கோயில் மணி அடிக்கிற வேலை கயிறு இழுக்கிற வேலை என்றுதான் நானும் நினைத்துச் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அது ஊர்ச் சனத்துக்கு நடுவில் நிற்கிற வேலை. சங்கம், சபை, திருவிழா என்று ஏதோ ஒரு பொறுப்புக்கு ஒருநாள் தலையாட்டிவிட்டு இன்றுவரை கழுத்து நோகிற ஆக்கள் உங்களுக்குள்ளும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதைச் சொல்லுகிறேன். நாட்டில் சண்டை முடிந்து நாலைந்து வருசத்துக்குப் பிறகு வந்த ஒரு செபமாலை மாதத்தில் நடந்தவை இவை.

முறைப் பேப்பர்

செபமாலை மாதமான ஒக்டோபரில் எங்கள் கோயில் மாதா சுருவம், அதுதான் மாதா சிலை, ஒவ்வொரு வீட்டிலும் ஒருநாள் தங்கும். பின்னேரம் எல்லோரும் கூடிச் செபமாலை சொல்லுவோம். அடுத்த நாள் அந்த வீட்டுக்காரர் சுருவத்தைத் தங்கள் கையாலேயே காவிக்கொண்டுபோய் அடுத்த வீட்டுக்காரர் கையில் கொடுக்க வேணும். அதுதான் வழமை. எந்த நாள் எந்த வீடு என்று பங்குச் சுவாமி பேப்பரில் எழுதித் தருவார். நான் எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்து வீடு வீடாகச் சொல்லிவருவேன்.

அந்த முறையும் பிலிப்பு வீட்டுக்கு அடுத்ததாக அவன் தமையன் சவிரிமுத்து வீடு. இரண்டு படலைக்கும் இடையில் எட்டு அடி. ஐந்து வருசமாக இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை. தமையன் கரைவலை இழுத்துக்கொண்டு நிற்க, தம்பியின் வள்ளம் கயிற்றுக்கு மேலால் போய், வலைக்குள் நின்ற கீரி மீன் அவ்வளவும் வெளியே போனது. தம்பி கயிற்றைக் காணவில்லை என்றான். தமையன், கண்டுகொண்டுதான் போனான் என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் அந்த எட்டு அடிக்கும் சுருவத்தைக் காவினது நான்தான்.

சவிரிமுத்துவின் மகள் ஜெசிந்தாவுக்குத் தை மாதம் கலியாணம். நான் பேப்பரோடு போனபோது படலையில் என்னை மறித்துக்கொண்டாள். "மணி மாமா, சித்தப்பா தோளில இருந்துதான் நான் கடல் பாத்தனான். அவர் வராத கலியாணம் எனக்குக் கலியாணம் இல்ல. இந்த முறை நீங்க இடையில பூந்து காவினீங்களெண்டா, உங்களோடயும் நான் கதைக்க மாட்டன்."

பேப்பரில் இல்லாத வீடு

உடப்பு ஊரில் இருந்து கலியாணம் முடித்து வந்த பார்வதியின் வீடு எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது. அவர்கள் சைவம். அதனால் பேப்பரில் பேர் இல்லை. மூன்றாம் நாள் சுருவத்தோடு பாட்டுப் பாடிக்கொண்டு போகிறோம், பார்வதி வாசலில் கோலம் போட்டு, நிறைகுடம் வைத்து, கையில் கற்பூரத்தட்டோடு நிற்கிறாள். காவின ஆக்கள் என்னைப் பார்த்தார்கள். நான் சுவாமியைப் பார்த்தேன். சுவாமி பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்.

"பிள்ளை, இது முறை வீடுகளுக்கு மட்டும்..." என்று நான் இழுத்தேன். பார்வதி தட்டை இறக்கவில்லை. "மணியண்ணே, போன கிழமை எங்கட தேர் உங்கட கோயில் வாசலில நிண்டுதானே போனது? நாங்க பேப்பர் பாத்தா நிண்டனாங்க?" அன்றைக்கு மாதா அந்த வாசலிலும் நின்றுதான் போனார்.

லூர்தம்மா

வன்னியில் இருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கேயே தங்கிப்போனவர் லூர்தம்மா. தனிய ஒரு கொட்டில். அவருடைய முறைக்கு ஒழுங்கை முழுக்க அங்கே கூடிவிட்டது. ஒருத்தி முற்றம் கூட்டினாள், ஒருத்தி பூ வைத்தாள், ஒருத்தி வீட்டில் இருந்து கதிரை கொண்டுவந்து போட்டாள். செபம் முடிந்து எல்லோரும் கிளம்ப, லூர்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, போன வருசம் இதே நாள் வந்த சனம், இண்டைக்குத்தான் திரும்ப வருது. மாதா வந்தாத்தான் நீங்களும் வருவீங்களெண்டா, அவவை இங்கயே விட்டிட்டுப் போங்க."

வெங்காயப் படங்கு

மாரி அந்த முறை முன்னுக்கே வந்துவிட்டது. அடுத்த நாள் பின்னேரம் சுருவத்தோடு லூர்தம்மா வீட்டில் இருந்து வெளிக்கிட்டுக் கற்பிட்டி ரோட்டுக்கு ஏறவில்லை, மழை கொட்டத் தொடங்கியது. ஒதுங்க ஒரு மரம் கூட இல்லை; சுருவம் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் இடுக்கால் தண்ணி இறங்கியது. பக்கத்துக் காணியில் இஸ்மாயில் நானா வெங்காயம் பரப்பி, மேலே பெரிய படங்கு போட்டு மூடியிருந்தார். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை மன்னாரை விட்டு வெளியேற்றினபோது சட்டி பானையோடு வந்த மனுசன். அந்த வெங்காயம்தான் அவருக்கு அந்தப் போகம்.

அவர் எங்களைக் கண்டார். படங்கை ஒரு இழுவை இழுத்து, ஓடிவந்து சுருவத்துக்கு மேல் போட்டார். வெங்காயம் மழையில் கிடந்தது. "நானா, என்ன வேலை இது?" என்று நான் பதறினேன். தாடியில் வழிந்த தண்ணியைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது: "வெங்காயம் நனஞ்சா காய வெச்சிக்கலாம். ஒங்கட மாதாட சாயம் கழண்டா நான் எங்க போய் அடிக்கிற?"

அடுத்த நாள் வெயில் எறித்தது. ஒழுங்கைப் பெண்கள் ஏழெட்டுப் பேர், கேட்காமலே போய், வெங்காயம் கிளறிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். வருகிற வழியில் லூர்தம்மாவையும் எட்டிப் பார்த்தார்கள்.

எட்டு அடி

கடைசியில் அந்த நாள் வந்தது. பிலிப்பு காலையிலேயே கடற்கரையில் வைத்துச் சொல்லிவிட்டான், தான் கொடுக்கமாட்டான், தன் மனுசி கொடுப்பாள் என்று. பின்னேரம் நான் போனபோது மனுசி தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மத்தியானம் அவள் அரிசி இடித்த சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. இப்போது கை தூக்க ஏலாதாம். பிலிப்பு அவளை முறைத்தான். பிறகு கண்ணாடிப் பெட்டியோடு சுருவத்தைத் தூக்கினான்.

எட்டு அடிக்கு அங்கால் தன் படலையில் சவிரிமுத்து நின்றார். பெட்டியின் அடியில் கை கொடுத்தார். முகம் என் பக்கம்.

"மணியண்ணே, விடச் சொல்லுங்க."

பிலிப்பும் என்னைத்தான் பார்த்தான். "விட்டாக் கண்ணாடிக் கதவு விழும் எண்டு சொல்லுங்க. கொளுக்கி கழண்டிட்டுது. நான் கையால அமத்திப் பிடிச்சிருக்கிறன்."

"நான் பிடிச்சிட்டன் எண்டு சொல்லுங்க."

"எங்க பிடிச்சது? அடியிலயெல்லோ பிடிச்சிருக்கிறார்."

எனக்கு அந்த நேரம் இருமல் வந்தது. வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குனிந்து நின்று நன்றாக இருமினேன். பெட்டி கொஞ்சம் சரிந்தது.

"கதவில பிடி அண்ணே" என்றான் பிலிப்பு.

"நீ கையை எடுத்தாத்தானேடா நான் பிடிக்கலாம்."

"எடுத்தா விழும்."

"அப்ப எடுக்காத. நட."

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து, படலை தாண்டி, படி ஏறி, விறாந்தை கடந்து, மேசையில் கொண்டுபோய் வைத்தார்கள். பிலிப்பு திரும்பிப் போகப் பார்த்தான். அதற்குள் ஜெசிந்தா செபமாலையைத் தொடங்கிவிட்டாள். செபத்துக்கு நடுவில் எவன் எழும்பிப் போவான்? சின்ன அறை. இடம் இருந்ததும் தமையனுக்குப் பக்கத்தில்தான். முழங்கால் போட்டான்.

செபம் முடிந்தது. சவிரிமுத்து மறுபடியும் என்னைப் பார்த்து, "கதிரையில இருக்கச் சொல்லுங்க" என்றார்.

"அப்பா, மணி மாமாவுக்கு இருமல். நீங்களே சொல்லுங்க" என்றாள் ஜெசிந்தா.

அவர் செருமினார். மேசை விரிப்பை இழுத்துச் சரிப்படுத்தினார். பிறகு, "இரடா" என்றார்.

பிலிப்பு இருந்தான். ஜெசிந்தா தேத்தண்ணி ஊற்றி, பழைய பழக்கத்தில் மூன்று கரண்டி சீனி அள்ளினாள். அவன் கோப்பையைக் கையால் மூடினான். "சீனி போடாத பிள்ளை. எனக்கு ரெண்டு வருசமா சீனி வருத்தம், உன்ட அப்பாவுக்குத் தெரியாது. கலியாணத்தண்டைக்கும் எனக்குக் கேக் தந்திராத."

ஒருவர்மேல் ஒருவருக்கு இருக்கிற கடமையெல்லாம் சுவாமி பிரசங்கத்தில் சொல்லுகிறபடியே ஊரில் நடக்கும்தான், நடுவில் நிற்கிறவனுக்கு நேரம் பார்த்து ஒரு இருமல் வந்தால்.