சலவைக்கூடத்து இங்கிலீஷ்

அந்தப் பெரிய ஹோட்டலின் சலவைக்கூடம் தரைக்குக் கீழே இருந்தது. மேலே தங்குகிறவர்களுக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. ஒரு பக்கம் துவைக்கும் இயந்திரங்கள், நடுவில் சூடான உருளைகள் சுழலும் தேய்ப்பு இயந்திரம், சுவரோரம் மடிப்பு மேசை. வெயிலானாலும் மழையானாலும் உள்ளே ஒரே பருவம்தான், வேர்வைப் பருவம்.

தேய்ப்பு இயந்திரத்தில் நின்றவளை எல்லோரும் இங்கிலீஷ் அக்கா என்று கூப்பிட்டார்கள். பாதி கேலி, பாதி மரியாதை. அவள் மரியாதைப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் என்றாலும், வேலைக்கு வந்த நாள் முதல் காதில் விழுந்த ஆங்கிலச் சொல் எதையும் அவள் தவறவிட்டதில்லை. துணியைப் பிரிப்பது சார்ட் பண்ணு, ஊற வைப்பது சோக் பண்ணு, அலசுவது ரின்ஸ் பண்ணு, தேய்ப்பது பிரெஸ் பண்ணு. வீட்டிலும் அதே கொடிதான் பறந்தது. பாலைச் சூடாக்க மாட்டாள், ஹீட் பண்ணுவாள். கணவரோடு சண்டை என்றால் பேசாமல் இருக்க மாட்டாள், அவாய்ட் பண்ணுவாள். “என்னை எப்ப ரிப்பேர் பண்ணப் போறே?” என்று அவர் கேட்டால், “உங்களை ரிஜெக்ட் பண்ணி ரொம்ப நாளாச்சு” என்பாள்.

மடிப்பு மேசைக்காரி இதற்கு நேர்மாறு. வயதில் சின்னவள், அதிகம் பேசாதவள். கறை படிந்த விரிப்பு வந்தால், “இதை ஊற வைக்கணும்க்கா” என்பாள். “சோக் பண்ணணும்னு சொல்லு. இன்னும் எத்தனை நாளைக்குக் குளத்தங்கரையிலயே நிப்பே?” என்று இங்கிலீஷ் அக்கா எல்லோர் முன்னாலும் கேட்பாள். இயந்திரக்காரர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைத்துவிட்டுக் குனிந்து மடிப்பாள்.

பழைய சூப்பர்வைசர் ஓய்வு பெற்றபோது, அந்த இடத்துக்கு உள்ளிருந்தே ஒருவரை எடுக்கப் போவதாகச் சொன்னார்கள். புதிதாக வந்திருந்த மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. விரும்புகிறவர்கள் அவரோடு நேரில் பேச வேண்டும். இங்கிலீஷ் அக்கா ஒருத்திதான் பெயர் கொடுத்தாள். அவள் இருக்கும்போது மற்றவர்கள் எந்த முகத்தோடு போவார்கள்? சலவைக்கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை அது ஒன்றுதான். நின்று நின்று அவள் முழங்கால்கள் வீங்கிப்போயிருந்தன. இதுவும் இல்லையென்றால் முட்டியே தன்னை ரிசைன் பண்ண வைத்துவிடும் என்று கணவரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மேனேஜர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். கறையோடு வரும் விரிப்பை என்ன செய்வாய் என்று நிதானமாகக் கேட்டார். கேள்வி புரிந்தது. பதிலும் தெரியும். வாயைத் திறந்தாள்.

“சார்ட்” என்றாள். மேனேஜர் தலையசைத்துக் காத்திருந்தார். “சோக்” என்றாள். மறுபடியும் காத்திருந்தார். “ரின்ஸ். பிரெஸ்.”

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. இத்தனை வருஷம் அவள் சேர்த்து வைத்தவை எல்லாம் வெறும் பெயர்கள், கட்டி வைத்த மூட்டைகள். அவற்றைத் தூக்கிக்கொண்டு நடந்தது ‘பண்ணு’தான். நானா நீயா, நேற்றா நாளையா, கூடுமா கூடாதா என்பதையெல்லாம் அதுவே பார்த்துக்கொண்டது. அந்த அறைக்குள் அதைக் கூட்டிக்கொண்டு வர வழியில்லை. மூட்டைகள் போட்ட இடத்திலேயே கிடந்தன.

மேனேஜர் ஃபோனில் யாரையோ வரச் சொன்னார். கதவைத் திறந்துகொண்டு வந்தவள் மடிப்பு மேசைக்காரி. ஆங்கிலம் மட்டுமே பேசும் ஒரு வீட்டில் முன்பு குழந்தை பார்த்துக்கொண்டிருந்தவளாம். அது மேனேஜருக்குத் தெரிந்திருந்தது. கீழே யாருக்கும் தெரியாது. அவளாகச் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

“நீங்க தமிழ்லயே சொல்லுங்கக்கா. நான் அவருக்குச் சொல்றேன்.”

இங்கிலீஷ் அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ரத்தக்கறை என்றால் பச்சைத் தண்ணீர்தான், சுடுதண்ணீர் பட்டால் கறை அப்படியே பிடித்துக்கொள்ளும். இற்றுப்போன விரிப்பை உருளையில் விட்டால் கிழியும், முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். ஊற வை, அலசு, ஒதுக்கு என்று எந்தச் சொற்களுக்காகச் சின்னவளைக் கேலி செய்தாளோ, அவைதான் இப்போது அவள் வாயில் வந்தன. சின்னவள் கூட்டாமல் குறைக்காமல் ஒவ்வொன்றையும் முழு வாக்கியமாக எடுத்துச் சொன்னாள். நடுவில் மேனேஜர் சிரித்தபோது இங்கிலீஷ் அக்கா பதறி நிமிர்ந்தாள். நன்றாகச் சொல்கிறீர்கள் என்கிறார் என்று சின்னவள் சொன்னாள்.

வேலை கிடைத்துவிட்டது.

அவர்கள் கீழே வருவதற்குள் செய்தி முந்திக்கொண்டது. இயந்திரக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மடிப்பு மேசைக்காரி ஏதோ துண்டு கொடுக்க மேலே போயிருந்தாள் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர், “மேனேஜர்கிட்ட இங்கிலீஷ்லயே வெளுத்து வாங்கிட்டியாமே” என்றார். சின்னவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு போதும்.

“ஏதோ மேனேஜ் பண்ணிட்டேன்” என்றாள் இங்கிலீஷ் அக்கா.

அவர்கள் கைதட்டினார்கள். சின்னவள் மேசைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் பெரிய கட்டில் விரிப்புகள் குவிந்து கிடந்தன. அவற்றைத் தனியாக மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று முனைகளை இழுத்துப் பிடித்து, பிறகு ஒருவர் நடந்து வந்து மற்றவர் கையில் சேர்க்க வேண்டும். துணைக்கு ஆள் இல்லாமல் சின்னவள் நிற்பதைப் பார்த்து இங்கிலீஷ் அக்கா போய் மறுமுனையைப் பிடித்தாள். முதல் விரிப்பு மடிந்தது. இரண்டாவதை விரித்தபோது அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“நீ ஏன் அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லல?”

சின்னவள் குரலில் கோபம் இல்லை. “நீங்க சொல்லுவீங்கன்னு இருந்துட்டேன்க்கா.”

விரிப்பு இருவருக்கும் நடுவில் தொங்கியது. முனையைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டியவள் இங்கிலீஷ் அக்காதான். வந்தாள். விரல்கள் பட்டபோது சின்னவள் முகத்தைப் பார்க்க முடியாமல், விரிப்பில் இல்லாத சுருக்கம் ஒன்றைத் தடவித் தடவி நீவிக்கொண்டு நின்றாள்.