அதட்டல் அக்காவின் தொண்டை

ஃபிரிட்ஜின் முதுகைக் கழற்றிப் போட்டுவிட்டு மெக்கானிக் தரையில் படுத்துக் கிடந்தால் போதும், முன்பக்கம் அவள் வந்து நின்றுவிடுவாள். கதவைத் திறந்து வைப்பாள். உள்ளங்கையைப் பெட்டியின் தலையில் அழுத்துவாள். "இதப் புடிச்சு வச்சிருக்கிறவனே! இயேசுவோட நாமத்துல சொல்றேன், வெளிய வா! ஓடு!" தெருக்கோடி வரை கேட்கும். அதே நேரம் பார்த்து அவன் மாற்றிய ரிலே பிடித்து கம்ப்ரஸர் உறும ஆரம்பிக்கும். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து சாட்சி சொல்வாள்: "ஒரே அதட்டுதான். ஓடிப் போயிட்டான்." வேர்த்து விறுவிறுத்து, விரலை வெட்டிக்கொண்டு கிடந்தவனைப் பற்றி அந்தச் சாட்சியில் ஒரு வார்த்தை வராது. கல்யாணமான வருஷத்திலிருந்து மெக்கானிக்கின் நெஞ்சில் கிடக்கிற முள் இது.

அவள் அவனுடைய மனைவியின் அக்கா. தெருவில் அதட்டல் அக்கா என்றால்தான் தெரியும். மூவரும் சேர்ந்து குடியிருக்கிற கீழ்வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். பேண்டைக் குட்டையாக்குவது, ஜிப் மாற்றுவது, பெருத்துப் போனவர்களின் ரவிக்கையைப் பிரித்துத் தைப்பது. வாயில் குண்டூசி இருக்கிற வரைக்கும்தான் அந்த அறையில் அமைதி. நூல் அறுந்தால் அதட்டுவாள். குழாய் சொட்டினால் அதட்டுவாள். வாடகையை ஏற்றச் சொல்லி வீட்டுக்காரர் வந்து கத்திவிட்டுப் போனால், அவர் படி இறங்குகிற வரை சிரித்த முகமாக நின்றுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அதட்டுவாள். "அவர் மேல எனக்கு என்ன கோவம் மாப்ள? அவருக்குப் பின்னால ஒருத்தன் நின்னு தூண்டுறான் பாருங்க, அவன்தான் என் ஆளு." மனிதர்கள் யாரோடும் அவள் முகம் சுளித்துப் பேசி மெக்கானிக் பார்த்ததில்லை. அத்தனை கோபமும் அந்த ஒருவனுக்கே போய்ச் சேரும்.

அதட்டுமுன் ஜன்னலைத் திறந்துவிடுவாள். "போறவனுக்கு வழி விடணுமில்ல?" பிசாசுகளில் அவளுக்குத் தரம் உண்டு. பொடிசு, சோம்பேறி, படிச்சவன். படிச்சவன்தான் பொல்லாதவன். சந்தேகத்தைக் கிளப்பிவிட்டு, நல்லவன் மாதிரிப் பேசுவான். "உங்ககிட்ட அடிக்கடி வர்றது அவன்தான் மாப்ள."

"நானே எட்டாவது தாண்டல. என்கிட்ட எதுக்குக்கா படிச்சவன் வர்றான்?"

"உங்களுக்குப் பாடம் எடுக்கத்தான்."

இப்படிப்பட்டவளுக்குத்தான் தொண்டை கட்டியது. அக்கா கஷாயத்தையா தேடினாள்? "ஊமை ஆவி. பழி வாங்க வந்திருக்கு" என்று அதை அதட்டினாள். அதட்ட அதட்டக் குரல் உடைந்தது; உடைய உடைய இன்னும் பலமாக அதட்டினாள். கடைசியில் தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு சத்தம்தான் மிச்சம். தங்கையும் மெக்கானிக்கும் ஆளுக்கொரு கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போனார்கள்.

"கத்திக் கத்தி உள்ள காப்பு காய்ச்சிருக்கு. ஒரு மாசம் மூச்சு விடலாம், பேசக் கூடாது. ரகசியம் பேசுற மாதிரி கூடப் பேசக் கூடாது. மீறினா குரலே இல்லாமப் போயிடும்மா" என்றார் டாக்டர்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அக்கா மெக்கானிக்கின் காதருகே வந்து கரகரத்தாள்: "அந்த டாக்டருக்குப் பின்னால..."

மெக்கானிக்குக்கு வந்ததே கோபம். "ஏங்க்கா, பிசாச விரட்டுற அதிகாரம் உங்களோடதா, இயேசுவோடதா?"

அக்கா மேலே விரலைக் காட்டினாள்.

"அப்ப மனசுக்குள்ள சொன்னா போகமாட்டானா? அவனுக்கென்ன காது மந்தமா?"

பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அக்கா வாயே திறக்கவில்லை. வாதத்தில் அவளை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. தையல் மெஷின் மட்டும் கடகடக்கிற வீட்டில் அந்த வெற்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. "சந்தோஷமா?" என்று மனைவி வேறு சோற்றைத் தட்டில் கொட்டிக் கேட்டாள்.

வீட்டுக்காரரும் குழாயும் அதட்டல் இல்லாமல் சமாளித்தார்கள். மேல்மாடிக்காரிதான் சமாளிக்கவில்லை. பேக்கரியில் இரவு வேலை அவளுக்கு, தூங்குவது பகலில். ஒரே குழந்தையைப் பறிகொடுத்தவள். அதிலிருந்து, கண்ணை மூடினால் அறை மூலையில் எதுவோ வந்து நிற்கிறது என்பாள். அவள் வேலை முடிந்து வந்ததும் அக்கா மாடியேறி மூலை மூலையாக அதட்டிவிட்டு இறங்குவாள். அப்புறம்தான் அவளுக்குத் தூக்கம். அக்கா வாயை மூடியதும் அவள் தூக்கமும் போய்விட்டது. அடுப்பு முன்னால் நின்றபடியே கண்ணயர்ந்து, சூட்டுத் தட்டில் முன்கையைச் சுட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை அக்கா மெக்கானிக்கின் கடைக்கு வந்தாள். அவன் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கி மேஜையில் வைத்தாள். தன் தொண்டையைத் தொட்டு, அவன் வாயைக் காட்டி, வீட்டு மேல்மாடிப் பக்கம் கையை நீட்டினாள்.

"நானா? விளையாடுறீங்களா? எனக்கு இதுல நம்பிக்கையே இல்லக்கா. நான் சொன்னா எவன் போவான்?"

அக்கா அவனையே பார்த்தாள். பிறகு, தானே போய்ச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தவள் போலப் படியிறங்கித் தொண்டையைச் செருமினாள். கரகரவென்று ஏதோ அறுந்தது.

"ஐயோ, பேசித் தொலைச்சுடாதீங்க! வர்றேன். வந்து தொலைக்கிறேன்!"

மேல்மாடி அறை ஜன்னலில் வெயில் வராதபடி அட்டை ஒட்டியிருந்தது. அந்த அட்டைக்கு வேலையே இல்லாமல் தலைக்கு மேல் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அக்கா வராத நாளிலிருந்து அதை அணைக்கவில்லையாம். கையில் கட்டுப்போட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தவள், "அண்ணே, நீங்களா?" என்றாள். அழுகிற முகத்தில் சிரிப்பு வந்தது.

அக்கா ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டு, அவன் முதுகில் கைவைத்து மூலைக்குத் தள்ளினாள். மூலையில் ஒரு துடைப்பமும் ஒட்டடையும்தான் இருந்தன.

"இங்க பாருங்க..." என்று ஆரம்பித்தான்.

"அதுக்கெல்லாம் மரியாதை குடுக்காதீங்கண்ணே."

எரிச்சலோடு திரும்பினான். கட்டுக்கு வெளியே தெரிந்த சிவந்த தோல் கண்ணில் பட்டது. எங்கிருந்துதான் வந்ததோ.

"டேய்! புள்ளையப் பறிகொடுத்து நிக்கிறவகிட்டயா உன் வீரம்? வெக்கமா இல்ல உனக்கு? இயேசுவோட நாமத்துல சொல்றேன், போடா வெளிய!"

அக்காவின் நல்ல காலத்தில் கூட அப்படி ஒரு சத்தம் வந்ததில்லை. கீழே யாரோ பாத்திரத்தைப் போட்டார்கள். மற்ற மூலைகளுக்கும் அதே வார்த்தைகளைச் சொன்னான்; கடைசி மூலையில் குரல் கம்மியது. அக்கா ஜன்னலைச் சாத்தினாள்.

மேல்மாடிக்காரி மெல்லச் சாய்ந்து படுத்தாள். கண்ணை மட்டும் மூடவில்லை.

வேலை முடிந்ததென்று அவன் வாசல் பக்கம் நடந்தான். அக்கா பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து நிறுத்தி, பல்பின் சுவிட்சைக் காட்டினாள்.