அக்கா மாற்றிய தேதி

மால்ட்டா தீவுக்குப் போகலாம் என்று ஆசைப்பட்டது அக்காதான். சுவா சூ காங்கில் பக்கத்துப் பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் இருந்தும், நாங்கள் இருவர் மட்டும் சேர்ந்து எங்கும் போனதில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று, தேதி மாற்ற முடியாத டிக்கெட்டை நான் எடுத்தேன்.

"இதை மாத்த முடியாதுக்கா. உடம்பு முடியலன்னு படுத்துடாத" என்று விளையாட்டாகச் சொன்னேன்.

பயணத்துக்காகத் தேக்கா சந்தையில் பருப்புப் பொடியும் ஊறுகாயும் வாங்கி வந்த அன்று, எம்ஆர்டி ரயில் நிலையப் படியில் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல லா, கேஸ்தான்."

நம்பிவிட்டேன். புறப்பட ஒன்பது நாள் இருக்கையில் மாரடைப்பில் போய்விட்டாள்.

காரியம் முடிந்தபின் அவள் கைப்பையைத் திறந்தேன். இதய மருத்துவரைப் பார்ப்பதற்கான கடிதம் இருந்தது. அதில் தேதியை அடித்துவிட்டு, நாங்கள் மால்ட்டாவிலிருந்து திரும்பும் வாரத்துத் தேதியைத் தன் கையால் எழுதியிருந்தாள். டிக்கெட்டை மாற்ற முடியாது என்றேன். மாற்ற முடிந்ததை மாற்றிவிட்டாள்.

இப்போது வீட்டில் யார் பயணப் பேச்சை எடுத்தாலும், "முடியலன்னா சொல்லிடுங்க, போகாம இருந்துக்கலாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவிடம் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்.