மச்சாளின் தாகம்

மச்சாளுக்குத் தாகமே எடுப்பதில்லை என்றுதான் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நம்பியிருந்தோம். அவர் என் கணவரின் மூத்த சகோதரி. லண்டனின் குட்மேய்ஸிலிருந்து கல்யாணவீடு, பூசை, கடற்கரை என்று எங்கே புறப்பட்டாலும், காலைத் தேநீரையே தவிர்த்துவிட்டுக் காரில் ஏறுவார். திரும்பி வீட்டுக்குள் வந்த பிறகுதான் குவளையைத் தொடுவார். "அம்மா ஒட்டகம்" என்று அவருடைய மகன் பகிடி பண்ணுவான். என் கணவருக்கு அது பெருமை. "அக்காவோடை எவ்வளவு தூரமும் போகலாம், ஒரு இடத்திலையும் நிப்பாட்டத் தேவையில்லை" என்பார். பயணத்தில் ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்காத பெண் என்பது எங்கள் ஆட்களிடையே சின்னப் புகழ் அல்ல. பஸ் ஏறுமுன் தண்ணீர் குடிக்காதே என்று கேட்டு வளர்ந்தவள்தான் நானும். வழியில் பெண்கள் ஒதுங்க இடமிராது என்பதே எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட முதல் புவியியல்.

அமெரிக்கப் பாலைநிலத்துக்குப் போகும் யோசனை பஸ் அக்காவுடையது. தோர்ண்டன் ஹீத்தில் சிவப்பு பஸ் ஓட்டியே ஓய்வுக்கு வந்தவர். தேவாலயப் பாடற்குழுவில் எனக்கும் மச்சாளுக்கும் தோழி. "வாழ்நாள் முழுக்க மணி அடிக்க அடிக்க நிப்பாட்டினனான். ஒரு தரிப்பிடமும் இல்லாத ரோட்டிலை ஒருக்கா ஓடவேணும்" என்றார். நான் சம்மதித்தது யாருக்கும் வியப்பாக இல்லை. மச்சாள் "நானும் வாறன்" என்றதுதான் வியப்பு. கணவனோ மகனோ இல்லாமல் அவர் போன முதற்பயணம் அது.

நாங்கள் வாடகைக்கு எடுத்த கார் செம்மண் பாதையொன்றில் புதைந்தது. கைப்பேசியின் வரைபடம் காட்டிய வழி, இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கி, மணலாகி, சக்கரங்களை விழுங்கிக்கொண்டது. பஸ் அக்கா முடுக்கிய ஒவ்வொரு முறையும் வண்டி இன்னும் ஆழமாக இறங்கியது. கைப்பேசியில் சிக்னல் இல்லை. நடந்துபோய் உதவி தேடலாமென்றால் பாதையில் நிழல் இல்லை. இரு புறமும் சிவந்த பாறை தீட்டிய கத்திபோல் நின்றது. தலைக்கு மேலே வானம் ஒரு கீற்று. சன்னல்களைத் திறந்தால் அடுப்பின் வாய், மூடினால் அடுப்பின் உள். யாராவது வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்பதை இங்கே சொல்லவேண்டும். வழியில் வாங்கிய போத்தல்கள் காரின் டிக்கியில் அடுக்காக இருந்தன. நாங்கள் இருவரும் குடித்தோம். மச்சாள் தனக்குத் தந்ததை மூடி திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"குடியுங்கோ, மச்சாள்."

"எனக்கு வேண்டாம். நீர் குடியும்."

"ஒட்டகமும் இந்த வெயிலுக்குக் குடிக்கும், அக்கா" என்றார் பஸ் அக்கா.

"குடிச்சால் போகவேணும். எங்கை போறது? ஒரு பத்தை, மறைப்பு இருக்கே?"

"இஞ்சை ஆர் பாக்கப்போகினம்? ஓணான் தான்."

பஸ் அக்காவும் நானும் சிரித்தோம், மச்சாள் சேரவில்லை. சிறிது நேரத்தில் அவர் முகத்தில் வியர்வை நின்றுவிட்டதைக் கவனித்தேன். உதடுகள் வெளுத்திருந்தன. குட்மேய்ஸ் வீட்டு அடுப்பை அணைத்தாரா என்று என்னிடம் கேட்டார், பதில் சொன்னேன், மறுபடியும் அதையே கேட்டார். நாக்கு குழறியது. அப்போதுதான் நான் பயந்தேன். பாறையைவிட, மணலைவிட இறுக்கமான ஏதோ ஒன்றுக்குள் அவர் அகப்பட்டிருந்தார். அதன் கதவு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. துவாயை நனைத்து அவர் கழுத்தில் சுற்றினேன். கொஞ்சம் தெளிந்து, முன் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார்.

"ஊரிலை சண்டை நேரம் இடம்பெயர்ந்து போகேக்கை லொறியை மறிச்சு எங்களை வெயிலுக்குள்ளை இருத்தினவங்கள். பொழுதுபடுமட்டும் விடேல்லை. நான் எழும்பிக் கேட்டனான், ஒருக்காப் போகவேணும் எண்டு. துவக்கு வைச்சிருந்தவன் சிரிச்சான். பிறகு அடக்க ஏலாமல் போச்சுது. சீலை முழுக்க நனைஞ்சுது, எல்லாற்றை முன்னாலையும். அப்பா மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டு நிண்டவர். அந்த நாளிலையிருந்து வெளிக்கிட்டால் நான் குடிக்கிறேல்லை."

பஸ் அக்கா கதவைத் திறந்து இறங்கினார். விமானத்தில் போர்த்த நான் கொண்டுவந்த போர்வையைப் பின்னிருக்கையிலிருந்து உருவினார்.

"முதல் நான் போறன். நீங்கள் ரெண்டுபேரும் மறைச்சுப் பிடியுங்கோ. அக்கா, உங்கடை பக்கம் சரியாமல் பிடிக்கவேணும், சொல்லிப்போட்டன்."

மச்சாள் காரில் சாய்ந்து நின்றபடி ஒரு முனையைப் பிடித்தார். போர்வை சரியவில்லை. அடுத்து நான் போனேன், அவர்கள் இருவரும் பிடித்தார்கள். நான் வெளியே வந்தபோது மச்சாள் போர்வையைக் கீழே விடாமல், மற்றக் கையில் போத்தலோடு நின்றார். மூடியைத் திறக்க அவருக்குப் பலமிருக்கவில்லை. திறந்து கொடுத்தேன். மெல்லக் குடிக்கச் சொன்னேன். கேட்கவில்லை, நாடியால் வழிய வழியக் குடித்தார். முடித்துவிட்டு, "இன்னொண்டு தாரும்" என்றார். வேறெந்தப் பயணத்திலும் அவர் எதையும் கேட்டு நான் அறியேன்.

வெயில் தணியும் நேரத்தில் ஒரு முதிய தம்பதியின் வண்டி வந்து, கயிறு கட்டி எங்களை இழுத்தது. அதற்குள் மச்சாளுக்காகவும் நாங்கள் போர்வை பிடித்திருந்தோம், முதுகு காட்டி, பாறையைப் பார்த்துக்கொண்டு.

லண்டன் திரும்பியபின் அவர் மாறிவிட்டார் என்று எழுத ஆசைதான். குடும்பத்தோடு காரில் ஏறும்போது அவர் உதடுகள் பழையபடி உலர்ந்தே இருந்தன. ஆனால் நாங்கள் மூவரும் மட்டும் கடற்கரைக்குப் போகும் நாட்களில், பஸ் அக்காவின் பிளாஸ்கிலிருந்து தேநீரை வாங்கிக் குடிப்பார். அந்த அளவுக்குத்தான் கதவு திறந்தது.

கடந்த மாரிக் குளிரில் அவரை அடக்கம் செய்தோம். தேவாலயத்தில் மகன் பேசினான். "அம்மா ஒருநாளும் ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேட்டதில்லை" என்றபோது அவன் குரல் உடைந்தது; சனமும் அழுதது. பஸ் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்து, "சொல்லுவமே?" என்று காதுக்குள் கேட்டார். அது மச்சாள் எங்களிடம் மட்டும் சொன்னது. வேண்டாம் என்று தலையசைத்தேன்.

அவர் கேட்டதை அறிந்தவர்களாக இனி நாங்கள் இருவர் இருக்கிறோம்.