ராணிப் பக்கத்துச் சிப்பாய்

செஸ்ஸில் கறுப்புக் காய் எடுத்தால் எனக்கு இப்போது ஒரே தொடக்கம்தான். ஒன்றைப் பிடித்தாகிவிட்டது. இனித் தேட வேண்டியதில்லை. அதுவே பெரிய நிம்மதி.

நான் தேயிலைக் கொழுந்தைத் தூளாக்குகிற ஸ்டோரில் அடுப்புக்கு விறகு போடுகிறவன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. எங்கள் தோட்டம் ஹல்துமுல்லை ஊருக்கு மேலே, மலையில். மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று இரண்டு. கிளப் மேல் டிவிஷனில், எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பக்கத்தில். கேரம் போர்டு ஒன்று, செஸ் போர்டு மூன்று. ஞாயிறு மத்தியானம் நான் அங்கேதான் இருப்பேன்.

ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். நான் குடியை விட்டவன். விட்டவனுக்கு ஞாயிறு மத்தியானம் பெரிய தொல்லை. தவறணைக்குப் போகாமல் இருக்க வேண்டுமென்றால் போக வேறு இடம் வேண்டும். எனக்கு அது கிளப்பின் இரண்டாம் போர்டு. போர்டு முதலில் கிளப் டீமில் ஆடுகிற மூன்று பேருக்கு. டீமில் இல்லாதவன் நின்று வேடிக்கை பார்க்கலாம். எவ்வளவு நேரம் பார்ப்பான்? எழுந்து போவான். போகிற வழியில்தான் தவறணை.

வருஷா வருஷம் பொங்கல் முடிந்து வருகிற ஞாயிறு கீழ் டிவிஷன்காரர்கள் எங்களோடு ஆட வருவார்கள். அவர்களுக்கு கிளப் இல்லை. அதனால் எப்போதும் எங்கள் இடத்தில்தான் ஆட்டம். வந்தவர்களுக்கு வெள்ளை. டாஸ் எல்லாம் கிடையாது. வீட்டுக்கு வந்தவருக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு நாம் பலகையில் உட்காருவோமே, அந்த மாதிரி. ஆகவே எங்கள் ஆட்கள் மூன்று பேருக்கும் எந்த வருஷமும் கறுப்புதான்.

எனக்கு எதிரே உட்காருவது கீழ் டிவிஷனில் இருக்கிற என் சம்சாரத்தின் தம்பி. அவனுக்கு நான் மச்சான், எனக்கு அவன் மச்சான். பெரகல சந்தியில் ஆட்டோ ஓட்டுகிறான். ஹயருக்கு ஆள் இல்லாத நேரம் மற்ற டிரைவர்மாரோடு செஸ்தான். கை வேகம். வாய் அதைவிட வேகம்.

போன வருஷம் அவனுக்காக போனில் வீடியோ பார்த்து சிசிலியன் என்று ஒன்றைப் பழகினேன். வெள்ளை ராஜாவுக்கு முன்னால் இருக்கிற சிப்பாயைத் தள்ளினால், கறுப்பில் இடப்பக்கமிருந்து மூன்றாவது சிப்பாயை இரண்டு கட்டம் தள்ள வேண்டும். அவ்வளவுதான். அடுப்படியில் நின்றுகொண்டே பார்த்தேன். மனப்பாடம்.

ஆட்டத்தன்று அவன் ராஜாவுக்கு முன்னால் இருப்பதைத் தள்ளினான். நான் இடப்பக்கமிருந்து மூன்றாவதைத் தள்ளினேன். அவன் அதை வெட்டினான். வெட்டின சிப்பாயை விரட்டலாம் என்று பக்கத்துச் சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ளினேன். அவன் ராணி குறுக்கே வந்தது. செக். ராஜாவுக்குப் போக இடமில்லை. ஆட்டம் முடிந்தது. கொடுத்த தேத்தண்ணியை அவன் இன்னும் வாயில் வைக்கவில்லை.

"மச்சான், தேத்தண்ணி ஆறட்டும்னு பார்த்தேன். நீங்க விடலையே," என்றான்.

கிளப் தலைவர் ஸ்டோரில் எலக்ட்ரீசியன். முதல் போர்டு அவர்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அடுத்த வருஷமும் தோத்தா வேற ஆளைப் போடணும்ப்பா. கோவிச்சுக்காத."

"ஜெயிக்கணுமா?"

"உன்னை யாரு ஜெயிக்கச் சொன்னது? தோக்காம இரு. போதும்."

சரி என்றேன்.

எங்கே பிசகினேன் என்று பல நாள் புரியவில்லை. ஒரு நாள் வீட்டில் போர்டை விரித்து, போனைத் தரையில் வைத்து, போனின் தலைப்பக்கம் போய் உட்கார்ந்தேன். எழுத்தெல்லாம் தலைகீழ். ஆனால் கறுப்பு என் பக்கம் வந்துவிட்டது. அப்போதுதான் விளங்கியது. வீடியோக்காரன் வெள்ளைப் பக்கம் இருந்து காட்டியிருக்கிறான். அவனுக்கு இடம் எனக்கு வலம். நான் தள்ளினது வேறு சிப்பாய். ராஜாவின் வாசலை நானே திறந்து விட்டிருக்கிறேன்.

சம்சாரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "போனைத் தலைகீழாப் பார்க்கிற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்."

"இப்பத்தான் நேராப் பார்க்கிறேன்," என்றேன்.

அதற்குப் பிறகும் சிசிலியன் பிடிக்கவில்லை. காய்கள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்கிற ஆட்டம் அது. மச்சான் வேகத்துக்கு நான் தாங்கமாட்டேன். பிரெஞ்சு என்று ஒன்றைப் பார்த்தேன். கெட்டியான ஆட்டம். ஆனால் ஒரு பிஷப் தன் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே அடைந்து கிடக்கிறது. புகை போக வழியில்லாத லயத்துக் காம்பரா மாதிரி. நான் பிறந்ததே அப்படி ஒரு காம்பராவில். வேண்டாம் என்று விட்டேன்.

கடைசியில் காரோ-கான். ஊர்ப் பேரா ஆள் பேரா தெரியாது. ராணிப் பக்கத்து பிஷப்புக்கு முன்னால் இருக்கிற சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளு. அடுத்து ராணிக்கு முன்னால் இருப்பதை இரண்டு கட்டம். வழி கிடைத்ததும் பிஷப்பை வெளியே விடு. பிறகு ராஜாவுக்கு முன்னால் இருக்கிற சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிக் கதவைச் சாத்து. அவசரமே இல்லை. எனக்கு ஒத்துவந்தது. இடம் வலம் என்று மனதில் வைக்கவில்லை. ராணி எங்கே என்று மட்டும் பார்த்தேன்.

இந்த வருஷம் வந்ததும் மச்சான் நாற்காலியில் பாதிதான் உட்கார்ந்தான்.

"ஆட்டோவை ஆஃப் பண்ணலை மச்சான். எப்படியும் அஞ்சு நிமிஷந்தானே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் காய்களைச் சரியாக நிறுத்தினேன்.

அவன் தள்ளினான். என் கை தானாக இடப்பக்கம் போனது. தொட்டால் நகர்த்தியே ஆக வேண்டும். தொடவில்லை. கையை மடியில் வைத்தேன். ராணியைப் பார்த்தேன். வலப்பக்கம் நின்றாள். அவள் பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினேன்.

மச்சான் போர்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு ஒரு பையனைக் கூப்பிட்டு, "டேய், ஆட்டோவை ஆஃப் பண்ணிட்டு சாவியைக் கொண்டா," என்றான்.

அவன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

பிஷப் வெளியே வந்தது. கதவைச் சாத்தினேன். அவன் குதிரைகளை அனுப்பினான். நான் ஒன்றுக்கு ஒன்றாக வெட்டி மாற்றிக்கொண்டேன். ராணியும் ராணிக்குப் போனது. ஜன்னலில் மிஸ்ட் வந்து மூடி, லைட் போட்டார்கள். கடைசியில் இரண்டு ராஜாவும் கொஞ்சம் சிப்பாய்களும்தான் மிச்சம்.

மச்சான் வாட்சைப் பார்த்தான். "பண்டாரவளைக்கு ஒரு ஹயர் இருக்கு. சமமா வச்சுக்குவமா, மச்சான்?"

அவன் சொல்லி முடிக்கும் முன் கையைக் கொடுத்துவிட்டேன்.

தலைவர் ஓடி வந்தார். "ஏம்ப்பா, அவனைவிட உனக்கு ஒரு சிப்பாய் கூட இருந்துச்சே! எண்ணிப் பார்க்கலையா?"

"தோக்கலையில்ல?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "சரி, வர்ற ஞாயிறு நேரத்தோட வா," என்றார்.

வீட்டில் சம்சாரம் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தம்பி. ஆனாலும் அவள் யார் ஜெயித்தது என்று கேட்கவில்லை.

"டீம்ல இடம் இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

அப்பாடா என்று மூச்சு விட்டாள். தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தாள்.