ஒன்றரைக் கிலோவும் மூன்றாவது ரவுண்டும்

போன ஞாயிற்றுக்கிழமை புதுவாயலில் நடந்த ஒரு குத்துச்சண்டைப் போட்டிக்குச் சிறப்பு விருந்தினராகப் போயிருந்தேன். யார், நானா? சத்தியமாக நானேதான். கரப்பான்பூச்சியைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறுகிற அதே நான்!

எல்லாம் நான் வாராவாரம் எழுதுகிற இந்தப் பத்தி செய்த வேலை. மூன்று வாரம் முன்பு, ‘எல்லாமே சுருங்கிவிட்ட காலத்தில் குத்துச்சண்டைக்கு எதற்கு மூன்று ரவுண்டு? ஒன்று போதாதா?’ என்று எழுதித் தொலைத்தேன். மறுநாளே ஒரு போன்.

“மேடம், நான் தாஸு. பாக்ஸிங் மாஸ்டர். ஒரு தபா நேர்ல வந்து பார்த்துட்டு அப்பால எழுதுங்க மேடம்.”

கோபமாகத்தான் பேசினார். ஆனாலும் பரிசு கொடுக்க என்னையே கூப்பிட்டுவிட்டார்! கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறவர் அவர். ஷிஃப்ட் முடிந்ததும் பெண்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கிறார்.

அழைப்பிதழில் காலை ஏழு மணி என்று போட்டிருந்தது. விருந்தினர் என்றால் லேட்டாகத்தான் போக வேண்டும் என்கிற நாகரிகம் எனக்கு இன்னும் பழகவில்லை... சரியாக ஏழுக்குப் போய் நின்றேன். கல்யாண மண்டபம். நடுவில் ரிங். மணமகள் அறையில் பெண்களுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னையும் அங்கேயே உட்கார வைத்தார்கள்.

வரிசையில் நின்ற பாதிப் பேருக்கு உதடு காய்ந்து வெடித்திருந்தது. திருத்தணிப் பக்கத்துப் பெண் ஒருத்தி காலி பாட்டிலில் துப்பிக்கொண்டே இருந்தாள். அறுபது கிலோ ஆளாம். ஐம்பத்தேழு கிலோ பிரிவுக்கு இறங்க இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லையாம். எச்சிலும் எடைதானே! மெஷினில் ஏறினாள். கச்சிதமாக ஐம்பத்தேழு. எல்லோரும் கைதட்டினார்கள். என்னால் கைதட்ட முடியவில்லை.

அடுத்து எஸ்தர். மாஸ்டரின் மாணவி, வயது இருபத்துநாலு, பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை. இதில் ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். போன இரண்டு வருஷமும் ஐம்பத்துநாலு கிலோவுக்காகக் காய்ந்து கருவாடாகி, கடைசி ரவுண்டில் கையைத் தூக்க முடியாமல் தோற்றவள். இந்தத் தடவை அந்தக் கவலையே இல்லை என்று சிரித்துக்கொண்டே ஏறினாள்.

ஐம்பத்தைந்தரை.

“மெஷின் ரிப்பேரு!” என்று கத்தினாள். இன்னொரு மெஷின் கொண்டுவந்தார்கள். அதுவும் ஐம்பத்தைந்தரை. வாசலில் நின்ற மாஸ்டரிடம் ஓடினாள்.

“தெனமும் பார்த்துகினுதான மாஸ்டர் இருந்தேன்? நேத்துகூட கம்பெனில அம்பத்துநாலு காட்டுச்சே!”

“கம்பெனில எதுல பார்த்த?”

“பேக்கிங் மெஷின்லதான்...”

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். அங்கே சரக்கைக் கிரேட் என்கிற பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துத்தான் எடை போடுவார்கள். அதனால் கிரேட்டின் எடையை மெஷினே கழித்துவிட்டுக் காட்டும். கிரேட் ஒன்றரைக் கிலோ. எஸ்தரோ கிரேட் இல்லாமல் ஏறியிருக்கிறாள்! இல்லாத கிரேட்டைத் தினமும் கழித்துவிட்டு, நிம்மதியாக இட்லி சாப்பிட்டிருக்கிறாள். சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

எடை பார்ப்பது முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மாஸ்டர் பையிலிருந்து ரெயின்கோட்டை எடுத்தார்.

“இத்த மாட்டிகினு ஓடு. வேர்த்தா எறங்கிடும்.”

எஸ்தர் அதைத் தொடவில்லை. கண் கலங்கிவிட்டது. “வேணா மாஸ்டர். ரெண்டு வருஷமும் இத்த போட்டுகினு ஓடித்தான் தோத்தேன். அம்பத்தேழுல என் பேர எழுதுங்க.”

“இன்னா, பைத்தியமா உனக்கு? அந்தத் திருத்தணிப் பொண்ணு அறுபது கிலோ. அட்ச்சி ஒடச்சிடுவா.”

“ஒடைக்கட்டும். நாஷ்டா துன்னுட்டு ஒடைபடறேன்.”

ஐம்பத்தேழில் பேர் கொடுத்திருந்தது அந்தப் பெண் ஒருத்திதான். அதிகாரிகள் சம்மதித்தார்கள். ஆக, நேராக இறுதிப் போட்டி. எஸ்தர் பொங்கலும் வடையும் வாங்கி நின்றபடியே சாப்பிட்டாள். மாஸ்டர்தான் அன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மாலை நாலு மணிக்கு மணி அடித்தது. அம்மாடி! முதல் ரவுண்டில் எஸ்தர் வாங்கிய அடி எனக்கே வலித்தது. மூக்கில் ரத்தம். நான் எழுதியபடி ஒரே ரவுண்டாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். என் பேனாவை நானே திட்டிக்கொண்டேன்.

இரண்டாவது ரவுண்டில் இருவரும் சரிக்குச் சரி. மூன்றாவது தொடங்கியதும் அந்தப் பெண்ணின் கைகள் மெல்ல மெல்ல இறங்கின. கால் நகரவில்லை. எஸ்தரோ அப்போதுதான் வீட்டிலிருந்து வந்தவள் மாதிரி துள்ளுகிறாள்! இடது, இடது, வலது... நான் நாற்காலிமேல் ஏறி நின்று “விடாதே எஸ்தர்!” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். சிறப்பு விருந்தினராம்!

ஐந்து நடுவர்களில் நாலு பேர் எஸ்தருக்கே வெற்றியைக் கொடுத்தார்கள். ரெஃப்ரி அவள் கையைத் தூக்கியபோது மண்டபமே அதிர்ந்தது. மாஸ்டர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். நானும்தான்.

தோற்ற பெண் ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள். பாதி எஸ்தரிடம் தோற்றாள், பாதி தாகத்திடம். அது என்ன நியாயம்? எனவே நான் எழுதியதை நானே வாபஸ் வாங்குகிறேன். ரவுண்டில் கை வைக்காதீர்கள் ஐயா, எடை பார்க்கிற முறையில் கை வையுங்கள்! ஒரு மாதம் முன்பே ஒரு தடவை எடை பாருங்கள். போட்டியன்று அதிலிருந்து ஒரேயடியாக வற்றி வந்து நிற்கிற பிள்ளையை மேல் எடைக்கு அனுப்புங்கள். சண்டை ரிங்குக்குள் நடக்கட்டும், தண்ணீர்க் குடத்தோடு வேண்டாம்.

பரிசு கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது பார்த்தேன். எஸ்தர் கழுத்தில் மெடல், மூக்கில் பஞ்சு, முன்னால் பிரியாணி. மாஸ்டர் நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் நின்றார்.

“மாநிலப் போட்டிக்கு எந்த வெயிட்டுல எழுதட்டும்மா?”

எஸ்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “துன்னு முடிச்சிட்டு சொல்றேன் மாஸ்டர்.”