நீர்க்காகத்தின் கண்

1959 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். கிணற்றில் நாலு வாளி இறைத்துத் தொட்டியை நிரப்பினேன். ஆறு மணிக்குக் காப்பி. ஆறேகாலுக்குக் கரைக்குப் போய் மீன் பார்த்தேன். முதல் கூடையில் இருந்த பாரை கண் வெளிறிப் பூத்துப் போயிருந்தது. வேண்டாம் என்று அடுத்த கூடையில் வாங்கினேன். எட்டு முதல் பத்து வரை ஆஸ்பத்திரி. ஞாயிறு என்பதால் கட்டு மாற்றுவது மட்டும்தான். ஒன்பது பேர் வந்தார்கள். பத்தேகாலுக்கு வீடு.

அன்றைய நாட்குறிப்பில் காலை நேரத்துக்கு இவ்வளவுதான் இருக்கிறது. கண் பூத்த பாரையைப் பற்றி எழுதிவைத்தவன், அதே நாள் மாலை வரை அதை யோசித்துப் பார்க்கவில்லை என்பதை இப்போது படிக்கும்போது நம்ப முடியவில்லை.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. திருப்பாலைக்குடியில் கம்பவுண்டராக ஆறு வருடம் ஆகியிருந்தது. மருந்துப் பொடியைச் சிறு சிறு பொட்டலமாக மடித்துப் பழகிய கைக்குப் பெரிய படம் வரவில்லை. ஒருமுறை முழுத்தாளில் ஒரு பூநாரை வரைந்தேன். அது துணி உலர்த்தும் கொடிக்கம்பு மாதிரி இருந்தது. சீட்டுக்கட்டின் சீட்டு அளவுக்குத் தாளை வெட்டிக்கொண்ட பிறகுதான் கை நிதானப்பட்டது. மூன்று அங்குல உயரம், இரண்டேகால் அங்குல அகலம். அந்தச் சீட்டுக்குள் ஒரு உள்ளானின் இறகுகளை ஒவ்வொன்றாக எழுத எனக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆகும். தூரிகை அணில் வால் மயிரில் நானே கட்டியது. கண்ணுக்கும் அலகின் நுனிக்கும் மூன்று மயிர்த் தூரிகை. வர்ணம் கரைக்க மட்டிச் சிப்பிகள். ஒரு நிறத்துக்கு ஒரு சிப்பி, மாற்ற மாட்டேன்.

பறவைகள் எனக்கு வலையிலிருந்து வந்தன. மீனைத் துரத்தி முங்கும் பறவையும், ஆழமில்லாத தண்ணீரில் நடந்து மேயும் பறவையும் வலையில் மாட்டித் தண்ணீருக்குள்ளேயே இறந்துவிடும். ஊரில் இருந்த ஒரு மீன்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அப்படிக் கிடைத்ததை எறியாமல் சாக்கில் சுற்றி எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார். நான் அவரைப் பாய் என்று அழைப்பேன். பறவை வந்ததும் அலகை, காலை, இறக்கையை அளப்பேன். என் சொந்தக் கைத்தராசில் நிறுப்பேன். வந்த நேரம், இறகின் நிறம், காலின் நிறம், கண்ணின் நிறம் எல்லாம் நோட்டில் ஏறும். அதற்குப் பிறகுதான் படம். நிற்கும் விதத்தையும் நீந்தும் விதத்தையும் கரையிலிருந்து தூரத்தில் பார்த்து வைத்திருப்பேன். இறந்த பறவையை நிற்க வைத்து வரைவேன் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

மூன்று வருடத்தில் இருபத்து நான்கு சீட்டுகள் சேர்ந்தன. அவற்றை என் மனைவியைத் தவிர யாரும் பார்த்ததில்லை. முந்திய வருடம், மதுரையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் கடல் பிராணிகள் சேகரிக்க வந்தவர், காலில் முள் தைத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். பதிவேட்டுக்குள் அடையாளத்துக்கு வைத்திருந்த ஆலா என்ற கடற்பறவையின் சீட்டை அவர் கண்டுவிட்டார். முள்ளை எடுத்து முடிக்கும் வரை அந்தச் சீட்டைக் கையிலேயே வைத்திருந்தார். மொத்தம் எத்தனை என்றும் கேட்டுக்கொண்டார். டிசம்பரில் கடிதம் வந்தது. கல்லூரியில் காட்சி அறை ஒன்று வைக்கிறார்கள். கடலையே பார்க்காத மாணவர்கள் நம் கரைப் பறவைகளை உங்கள் படங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும், இருபத்து நான்கையும் அனுப்புங்கள், ஜனவரி 22 வியாழக்கிழமை அறை திறப்பு, 19 திங்கட்கிழமைத் தபாலைத் தவற விடாதீர்கள் என்று எழுதியிருந்தார். என் படத்தை ஒருவர் கேட்டது அதுவே முதல் தடவை. அந்தக் கடிதத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்பதை மட்டும் எந்த நோட்டிலும் குறிக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மறுநாள். ஞாயிறு மூன்று மணிக்குக் கூடத்தில் கோரைப்பாய் விரித்து, இருபத்து நான்கு சீட்டுகளையும் நான்கு வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றின் பின்னாலும் எண் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது அந்த மீன்காரர் நொண்டிக்கொண்டு வந்தார். ஐந்து நாளுக்கு முன் கெளுத்தி முள் குத்திய கால்.

“கட்டு அவுந்துபோச்சு கம்பவுண்டரய்யா. ஆசுபத்திரி பூட்டிக் கெடக்கு, அதான் இங்கன வந்துட்டேன்.”

“எட்டுலேருந்து பத்து வரைக்கும் தொறந்துதானே இருந்துச்சு பாய்?”

“தொறந்திருந்தப்ப கட்டு அவுரலையே.”

உள்ளேயிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் ஆர்.எஸ்.மங்கலத்துக்காரி, வயல் வீட்டில் பிறந்தவள். “வாங்கண்ணே. பாத்து ஓரமா வாங்க. இவுக கூடம் பூராவும் பறவையக் காயப் போட்டிருக்காக.”

“அதான தங்கச்சி, கருவாடு மாதிரியில்ல கெடக்கு.”

பறவைகளைக் கொண்டுவந்து தந்தவரே தவிர, படங்களை அவர் அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறார். காலை நீட்டி உட்கார்ந்தார். நான் கட்டை அவிழ்த்துப் புண்ணைக் கழுவும்போது அவர் குனிந்து சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இந்த ஆலா நம்ம வலையில விழுந்ததுதானே? அந்தா, எடது கால்ல ஒரு வெரலு மொண்டி. அதைக்கூட விடாம எழுதியிருக்கீயளே! எறக்கைய எண்ணிப்புடலாம் போல இருக்கு.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. புண் ஆறி வருகிறது, இன்னும் ஐந்து நாளைக்கு உப்புத் தண்ணீர் படக்கூடாது என்று சொன்னேன். அவர் நீர்க்காகத்தின் சீட்டை விரல் நுனியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கீழே வைத்தார். அடுத்து முக்குளிப்பான். அடுத்து கரண்டிவாயன். மறுபடி நீர்க்காகம்.

“என்ன பாய்?”

“ஒண்ணுமில்லய்யா. நல்லா இருக்கு.”

“சும்மா சொல்லுங்க.”

“சொன்னா கட்டை இறுக்கிப்புடுவிய.”

“இறுக்க மாட்டேன்.”

“இது மவுத்து, செத்துப்போனது,” என்றார் நீர்க்காகத்தைக் காட்டி. “இதுவும் மவுத்து. அந்தா அதுவும். நிக்குது, நீந்துது, எல்லாஞ் செய்யுது. ஆனா மவுத்தாப் போன கண்ணையில்ல வச்சிருக்கீய.”

நோட்டை எடுத்துவந்து பக்கத்தைக் காட்டினேன். நீர்க்காகம், கண்: சாம்பல் கலந்த பழுப்பு. “பாத்துத்தான் எழுதியிருக்கேன் பாய். பூதக்கண்ணாடி வச்சுப் பாத்து எழுதினது.”

“நான் கொண்டாந்து போட்டப்ப அப்படித்தான் இருந்திருக்கும். தண்ணிக்குள்ள எத்தன நேரம் கெடந்துச்சோ! அந்தப் பய தெனமும் வெடியக்காலம் நம்ம வலைக்கம்புல குந்தியிருப்பான். எம் மீனையும் திருடித் தின்னுட்டு என்னையே மொறைப்பான். அந்தக் கண்ணு எனக்குத் தெரியாதா? பச்சையால்ல இருக்கும்!”

“பச்சையா?”

“பச்சைன்னா பச்சை. கண்ணாடி வளவி மாதிரி.”

என் மனைவி அரிவாள்மணையில் காலையில் வாங்கிய மீனை நறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: “காலையில கண்ணு பூத்துப்போச்சுன்னு பாரைய வேணாமுன்னுட்டு வந்தீக. மீனுன்னா கண்ணைப் பாத்துத்தான் வாங்குறீக. பறவைக்கு மட்டும் பூக்காதாக்கும்?”

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. இந்தக் கரையில் யாரும் அந்தத் தவறைச் செய்ய மாட்டார்கள். ஆறு வருடமாகத் தினமும் மீனின் கண்ணைப் பார்த்து, இது இன்றையது, இது நேற்றையது என்று ஒதுக்கிக்கொண்டிருந்தவன் நான். அதே கையால் வீட்டுக்கு வந்து பூத்துப்போன கண்களை மூன்று மயிர்த் தூரிகையால் அக்கறையாக எழுதியிருக்கிறேன்.

கட்டைக் கட்டி முடித்தேன். இறுக்கவில்லை. பிறகு நோட்டைப் பார்த்துச் சீட்டுகளை இரண்டாகப் பிரித்தேன். மைனா, காகம், செம்போத்து, மீன்கொத்தி, தவிட்டுக்குருவி, கொண்டலாத்தி, செம்பருந்து: இவை உயிரோடு பார்த்து எழுதியவை. செம்போத்து எங்கள் வேலியில் உட்கார்ந்து என்னை நேராகப் பார்த்திருக்கிறது. அதன் கண் படத்திலும் சிவப்புத்தான். மீதிப் பதினேழும் சாக்கில் வந்தவை. அந்தப் பதினேழின் கண்களும் ஏறக்குறைய ஒரே நிறம். மூன்று வருடமாக இது என் கண்ணில் படவில்லை.

அவருக்கு மனது கேட்கவில்லை. “நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். மதுரைப் புள்ளையளுக்கு இதெல்லாம் எங்கன தெரியப்போவுது? அனுப்பிவிடுங்கய்யா.”

“தெரியாதுன்னுதானே பாய் அந்தப் புள்ளைங்க இதைப் பாக்கப் போறாங்க.”

“அப்ப அண்ணன் சொன்ன பச்சைய வச்சுத் திருத்திப்புடுங்க,” என்றாள் மனைவி. “ஒரு பொட்டுத்தானே?”

“எந்தப் பச்சை?”

“அதான் வளவிப் பச்சைங்கிறாரே.”

“எந்த வளையல்? உன் கையில இருக்கிறதா, கடையில தொங்குறதா?”

அவள் கையை நீட்டினாள். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “இல்ல தங்கச்சி, இம்புட்டு இருட்டு இல்ல. கொஞ்சம் நீலம் ஓடும்,” என்றார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்து, “நீலம்னும் சொல்ல முடியாது,” என்றார். மூவரும் சிரித்துவிட்டோம். ஆனால் என் பிரச்சினை அங்கேதான் இருந்தது. கேட்டதை வைத்து ஒரு புள்ளி வைத்தால், செத்த கண் இருந்த இடத்தில் பிறர் சொல்லக் கேட்ட கண் வரும். இரண்டுமே நான் உயிரோடு பார்த்தது ஆகாது.

நாலரை மணிக்கு முடிவு செய்தேன். ஏழு சீட்டுகளை மட்டும் பருத்திப் பஞ்சு வைத்துக் கட்டினேன். பேராசிரியருக்குக் கடிதம் எழுதினேன். மற்ற பதினேழும் இறந்த பறவையைப் பார்த்து வரைந்தவை, அளவும் இறகும் சரி, கண் தவறு, சில கால்களின் நிறத்திலும் எனக்கு இப்போது சந்தேகம் இருக்கிறது, உயிருள்ள பறவையைப் பார்த்துத் திருத்தும் வரை அவற்றை மாணவர்கள் முன் வைக்க முடியாது என்று எழுதினேன். அறையில் அந்த இடத்துக்கு அவர் வேறு படங்களை மாட்டிவிடலாம். அப்படி மாட்டிவிட்டால் என் பதினேழுக்கும் பிறகு இடம் இருக்காது. இதையும் யோசித்துத்தான் உறையை ஒட்டினேன். மனைவி காப்பியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அவர் இன்னும் கிளம்பவில்லை. வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்.

“பாய், அந்த வலைக்கம்பு கரையிலேருந்து எவ்வளவு தூரம்?”

“கூப்புடு தூரத்துக்குக் கொஞ்சம் கூட. ஏன்யா?”

“வத்தைப் படகுல போனா பறந்துராதா?”

“எங்களுக்கெல்லாம் அவன் பயப்பட மாட்டான். ரெண்டு ஆளு நீளத்துக்குக் கிட்டக்க போயிரலாம். புது ஆளு, நீங்க குனிஞ்சு கெடக்கணும்.” பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார். “ஏன்யா, அஞ்சு நாளைக்கு உப்புத் தண்ணி படக்கூடாதுன்னதும் நீங்கதான். இப்ப கடலுக்குக் கூப்புடுறதும் நீங்கதானா?”

நான் யோசித்தேன். “மெழுகுத் துணி சுத்தி, மேல கயிறு கட்டினா படாது.”

“அப்ப அந்த மெழுகுத் துணிய எம் பொழப்புக்குப் போறப்பயே சுத்தியிருக்கலாம்ல? அஞ்சு நாளா வீட்டுல குந்த வச்சுட்டீய!”

உள்ளேயிருந்து மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. “சுபுஹு தொழுதுட்டு வெடியக்காலமே வாரேன். முழிச்சிருங்க,” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

ஐந்து மணிக்குத் தூரிகைகளைக் கழுவி வைத்தேன். ஏழு மணிக்குச் சாப்பாடு. ஒன்பதுக்குப் படுத்தேன்.

திங்கட்கிழமை காப்பிக்கு முன் முதல் வேலையாக அவருடைய காலில் மெழுகுத் துணியைச் சுற்றிக் கட்டினேன். வர்ணமும் தூரிகையும் நோட்டும் வத்தையில் ஏற்றி, அதை நான்தான் தள்ளினேன். அவர் உட்கார்ந்தபடியே நீளக் கம்பை ஊன்றினார். கிழக்கு வெளுத்து, நிறம் தெரியத் தொடங்கியிருந்தது. மூன்றாவது கம்பில் நீர்க்காகம் இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. நான் குனிந்து கிடந்தேன். அது பறக்கவில்லை. கழுத்தைத் திருப்பி அவரை முறைத்தது.

“பாத்தியளா?” என்றார் மெதுவாக.

வளையல் பச்சை இல்லை. ஆஸ்பத்திரியில் கண்நோய்க்குத் தடவ நான் தினமும் எடுக்கும் நீல மயில்துத்தக் கட்டியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அதன் ஓரத்தில் ஒரு நிறம் தெரியும். அது. புதுச் சிப்பியில் பச்சையும் துளி நீலமும் குழைத்து, பார்த்துக்கொண்டே இரண்டு முறை மாற்றி, நோட்டின் ஓரத்தில் ஒரு கடுகளவு வைத்தேன். பழைய வரியை அடிக்காமல் அதன் கீழே எழுதினேன்: ஜனவரி 19. காலை 6.35. நீர்க்காகம். உயிருடன். கண் இது.